வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது

மேலாளர் ஒரு தாளை அவள் கையில் திணித்து, "கீழே கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார்.

"என்ன சார் இது?"

"மெமோ. படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

பிறவியிலிருந்தே கண் தெரியாதவளிடம் அச்சடித்த தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிற மனிதரை என்னவென்று சொல்வது! பதினோரு வருடமாக அந்த மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் இருக்கிறாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டாள்.

"விஷயத்தை நீங்களே சொல்லிடுங்க."

சொன்னார். போன வாரம், புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் ஆஸ்பத்திரிச் செலவு மனுவை ஏற்பதற்குப் பதில் நிராகரித்துவிட்டாளாம். கவனக்குறைவாம். இன்னொரு தடவை நடந்தால் குறைதீர்ப்பிலிருந்து எடுத்து, வாசலில் டெலிபோன் எடுக்கிற வேலைக்குப் போட்டுவிடுவார்களாம்.

நிராகரித்தது அவள் விரல்தான். அதை அவள் மறுக்கவில்லை. அந்தப் பெண் போனில் அழுத அழுகை இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ஆனால் அந்த விரலை அங்கே கொண்டுபோய் விட்டது யார்?

இரண்டு மாதத்துக்கு முன்னால் எல்லோருக்கும் புதுக் கணினி வந்தது. அவளுடைய பழைய கணினியில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் ஒன்று இருந்தது. அலுவலகமே காசு கொடுத்து, அவள் பெயரிலேயே உரிமம் வாங்கியது. அலுவலக மென்பொருளில் பெயரில்லாமல் கிடந்த பட்டன்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் வைத்து, வருடக்கணக்கில் அதைப் பழக்கியிருந்தாள். புதுக் கணினியில் அது இல்லை. கணினிப் பிரிவுக்காரரைப் போய்க் கேட்டாள். எதற்கெடுத்தாலும் "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்பவர். அதனால் அலுவலகத்தில் அவர் பெயரே ரீஸ்டார்ட்.

"அந்த உரிமம் முடிஞ்சிடுச்சுக்கா. இதுல சிஸ்டத்தோடவே ஒண்ணு வருது பாருங்க, ஃப்ரீயா."

பக்கத்திலிருந்த மேலாளர், "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?" என்று சிரித்தார்.

மாடு நல்ல மாடுதான். மெயில், இணையம் எல்லாம் அழகாக வாசித்தது. அலுவலக மென்பொருளுக்குள் போனால் மட்டும் "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எது எந்தப் பட்டன் என்று அதற்கும் தெரியாது. வேறு வழி? எண்ண ஆரம்பித்தாள். பட்டன் பட்டனாகத் தாண்டிப் போகும் டேப் விசையை இரண்டு தட்டுத் தட்டினால் 'நிராகரி', மூன்று தட்டினால் 'ஏற்க'. இரண்டு மாதம் எண்ணி எண்ணியே மனுக்களைத் தீர்த்தாள். ஐந்து தாளுக்கு மேல் இணைத்திருந்தால் முன்னால் புதிதாக ஒரு பட்டன் முளைக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண், பாவம், ஒன்று விடாமல் ஆறு தாள் இணைத்திருந்தாள். மூன்றாவது தட்டு 'நிராகரி'யில் போய் நின்றது.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொல்லிப் பொருமினாள். வீட்டுக்காரருக்கும் பார்வை கிடையாது. கல்லூரியில் வரலாறு நடத்துகிறார்.

"நான் அந்த ஃப்ரீயை வச்சுத்தானே பாடமே தயார் பண்றேன்? எனக்கு நல்லாத்தான் இருக்கு. உனக்கு மட்டும் என்ன பிடிவாதம்?"

"உங்களுக்குப் படிச்சாப் போதும். நான் அமுக்கணும்! தப்பா அமுக்கினா ஒருத்தி வயித்துல அடிக்குது!"

அவர் லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "உரிம எண் ஞாபகம் இருக்கா? நம்ம லேப்டாப்ல போட்டுத்தான் பாரேன்" என்றார்.

அந்த எண் அவளுக்கு மனப்பாடம். போட்டாள். லேப்டாப் பேசியது: "இந்த உரிமம் வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது."

உரிமம் முடியவே இல்லை! எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது!

மறுநாள் காலை ரீஸ்டார்ட்டை நாற்காலியில் உட்காரக்கூட அவள் விடவில்லை.

"முடிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே, எங்கய்யா ஓடுது அது?"

மனிதர் மென்று விழுங்கினார். "கீழ காட்சி அறையிலக்கா. விருந்தாளிங்க வந்தா கேக்க வைக்கறதுக்கு. மேலாளர்தான் மாத்தச் சொன்னாரு."

"நான் வச்ச பட்டன் பேரெல்லாம்?"

"அதையும் காப்பி பண்ணித்தான் வச்சிருக்கோம். அது இருந்தாத்தான் டெமோ எடுப்பா இருக்கும்னாரு."

அடப் பாவிகளா! வேலை செய்கிறவளுக்கு ஊமைப் பட்டன், வேடிக்கை பார்க்க வருகிறவனுக்கு அவள் வைத்த பெயரா? கைத்தடியைத் தட்டிக்கொண்டு படியிறங்கினாள். 'அனைவருக்கும் சம வாய்ப்பு' என்று வாசலில் பலகை வேறு மாட்டியிருந்தார்களாம். அதைப் பிறகு தெரிந்துகொண்டாள். காட்சி அறைக் கணினியின் ஹெட்ஃபோனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தன் கணக்கில் உள்ளே நுழைந்து வேலையை ஆரம்பித்தாள். பட்டன்கள் பெயர் சொல்லிப் பேசின.

பதினொரு மணி வாக்கில் தலைமை அலுவலகத்து விருந்தினர்களோடு மேலாளர் வந்தார். "இதுதான் நம்ம..." என்றவர் அப்படியே நின்றார். "இங்க என்னம்மா பண்றீங்க? எந்திரிங்க."

"என் வேலையைப் பண்றேன் சார்."

"ஏற்க, பட்டன்" என்றது கணினி. அமுக்கினாள். "மனு ஏற்கப்பட்டது." போனில் அழுத அந்தப் பெண் மறுபடி அனுப்பியிருந்த மனு.

"அருமை!" என்றது ஒரு பெண் குரல். "நீங்க தினமும் இதுலதான் வேலை பாக்கறீங்களா?"

"இல்லைங்க. எனக்கு மாடியில பேசத் தெரியாத ஒண்ணு குடுத்திருக்காங்க. இது என் பேர்ல வாங்கினதுதான், ஆனா உங்களுக்குக் காட்டறதுக்கு." கைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "அதனால நடந்த தப்புக்கு இது. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணுமாம். கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்."

"மேடம், அது எங்க உள் விவகாரம்..." என்று மேலாளர் பாய்ந்தார். அதற்குள் தாள் பிரிகிற சத்தம் கேட்டது.

"'தங்கள் கவனக்குறைவால் பட்டனை மாற்றி அழுத்தி...'" அந்தக் குரல் இறங்கிக்கொண்டே போய் நின்றுவிட்டது.

"நிறுத்தாதீங்க" என்றாள் அவள். "முழுசாப் படிங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."