வாங்காத சீட்டுக்கு விழுந்த பரிசு

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சிக்கந்தரின் சாப்பாட்டுக் கடையில் மத்தியானக் கூட்டம் ஓய்ந்தபின் சற்று நேரம் மின்விசிறிகளின் சத்தம் மட்டுமே கேட்கும். கோகிலன் வருவது அந்த நேரத்தில்தான். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு ஷிப்ட் வேலை. ஓய்வு நாள்களில் மூலை மேசையில் சாப்பிட்டு முடித்துவிட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு இலக்க நம்பர்களை எழுதிப் பார்ப்பான். மறுநாள் குலுக்கலுக்கு எதை வாங்கலாம் என்ற யோசனை.

"சூதுக் கணக்கெல்லாம் என் மேசையில போடாதே தம்பி, கடையோட பரக்கத், விருத்தியெல்லாம் போயிடும்" என்பார் சிக்கந்தர்.

"அடிச்சா உங்களுக்கும் பங்கு உண்டுண்ணே."

"எனக்கு ஹராம். உனக்கு அடிக்கிறதே இல்ல. அப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதான் லா."

அந்தச் செவ்வாய்க்கிழமை சிக்கந்தர் இதைச் சொல்லவில்லை. தேநீரைத் தானே எடுத்துவந்து வைத்தார். எதிர் நாற்காலியில் உட்காரவும் செய்தார். கடை திறந்திருக்கும்போது அவர் உட்கார்ந்து கோகிலன் பார்த்ததில்லை.

"தம்பி, நம்பர் அடிச்சா பணத்த எப்படிக் குடுப்பாங்க?"

கோகிலன் சிரித்துவிட்டான். "என்னண்ணே, கட்சி மாறிட்டீங்களா?"

"சும்மா கேக்குறேன்."

"எனக்கு ஒரே ஒரு தடவதான் அடிச்சுச்சு, ஆறுதல் பரிசு. கடையில சீட்ட நீட்டினேன். அந்தச் சீனக்கா மெஷின்ல விட்டுப் பாத்துட்டு காச எடுத்து வெச்சாங்க. அன்னைக்கே செலவும் ஆயிடுச்சு."

"முன்கூட்டி எதுவும் கட்டச் சொன்னாங்களா?"

"என் பரிச எனக்குக் குடுக்க நான் எதுக்குண்ணே கட்டணும்?"

சிக்கந்தர் சமையல்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து மேசைக்கு நடுவே வைத்தார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல். 'அன்புள்ள வெற்றியாளரே' என்று தொடங்கியது; பெயர் இல்லை. உலகெங்கும் உள்ள மின்னஞ்சல் முகவரிகளைக் கணினியில் குலுக்கியதில் இந்த முகவரிக்கு எட்டு லட்சம் வெள்ளி, அதாவது ரிங்கிட், விழுந்திருப்பதாக அது சொன்னது. அடையாள அட்டை எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் கேட்டது. பணம் கைக்கு வரும்வரை இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

"டெலிவரி ஆர்டருக்குன்னு கடைக்குப் போட்ட ஈமெயில் இது" என்றார் சிக்கந்தர். "பதில் போட்டேன். மறுநாளே இமான்னு ஒருத்தர் போன் பண்ணார். நம்ம மார்க்கக்காரர். ரொம்ப மரியாதையான பேச்சு. நான்தான் முதல்ல கேட்டேன், லோட்டரி நமக்கு ஆகாதேன்னு. அதுக்கு அவர் சொன்னார், நீங்க சீட்டு வாங்கலையே, காசு வெச்சு ஆடலையே, அப்புறம் இது எப்படிச் சூதாகும், யாரோ அன்பளிப்பாக் குடுக்குற மாதிரின்னு."

கோகிலன் கையிலிருந்த பேனாவை மூடினான். "அண்ணே, வாங்காத சீட்டுக்கு எவண்ணே பரிசு குடுப்பான்? வாரா வாரம் வாங்குற எனக்கே எவனும் குடுக்கல."

"அதான் தம்பி விஷயமே. வாங்கியிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சீட்டே வாங்கவில்லை என்பது கோகிலனுக்கு இது மோசடி என்று காட்டியது. சிக்கந்தருக்கோ அதே விஷயம்தான் மனசாட்சியை ஆற்றி வைத்திருந்தது.

"பணம் ஏதாவது கட்டிட்டீங்களா?"

"பதிவுக் கட்டணம் அறுநூறு, போன வாரம். இப்ப வரி கேக்குறாங்க. பன்னெண்டாயிரம். இன்னைக்குள்ள கட்டணும்."

"யார் கணக்குல போட்டீங்க? கம்பெனி பேர்லயா?"

சிக்கந்தர் ரசீதைத் திறந்து காட்டினார். அதில் யாரோ ஒரு தனி ஆளின் பெயரும், பக்கத்து மாநிலத்துச் சுங்கை பட்டாணி வங்கிக் கிளையின் பெயரும் இருந்தன. வெளிநாட்டு லாட்டரிக்குச் சுங்கை பட்டாணியில் ஒரு கணக்கா என்று கோகிலன் கேட்டான். இங்கே உள்ள ஏஜெண்டின் கணக்கு அது என்று இமான் சொன்னதாகச் சிக்கந்தர் சொன்னார். எல்லாக் கேள்விக்கும் அவரிடம் இமானின் பதில் ஒன்று இருந்தது.

"இதுல உன் உதவி ஒண்ணு வேணும்" என்று குரலைத் தாழ்த்தினார். "பரிசுப் பணத்த உன் கணக்குல போடச் சொல்லட்டுமா? முஸ்லிம் பேர்ல வந்தா பேங்க்ல கேள்வி வரும்னு அவர்தான் யோசனை சொன்னார். உனக்கும் ஒரு பங்கு."

வீட்டுக் கடனும் பழைய காரும் ஒரு கணம் கோகிலன் நினைப்பில் வந்து போயின.

"அண்ணே, சூது இல்லேன்னா என் பேரு எதுக்கு?"

சிக்கந்தர் தேநீர்க் குவளையை நகர்த்தி வைத்தார்.

"இன்னொன்னு சொல்றேன். இப்படி ஏமாந்தவங்க பணத்த யாரோ ஒருத்தன் கணக்கு வழியாத்தான் சுத்த விடுவாங்க. நாளைக்கு போலீஸ் இமானத் தேடி வராது. கணக்கு வெச்சிருக்குற கோகிலனத் தேடி வரும். எங்க பேக்டரியில ஒரு பையனுக்கு இதுதான் நடந்துச்சு. சரி, அந்தப் பன்னெண்டாயிரம் எங்கேர்ந்து எடுக்கப் போறீங்க?"

"வீட்டுக்காரி காமாரியாவோடது. அடுத்த வருஷம் ஹஜ்ஜுக்குன்னு சேத்து வெச்சிருக்கா. கடைக்கு ஃப்ரீசர் வாங்கணும்னு சொல்லியிருக்கேன். பேங்குக்குப் போக வந்துக்கிட்டு இருக்கா. ஒரு வாரத்துல திருப்பி வெச்சிடுவேன்ல."

"அக்காகிட்ட நெசத்தச் சொல்லிட்டு எடுங்க. நான் குறுக்க வர மாட்டேன்."

"நீ வேற. அவ வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பா."

"ஹலாலான காசுதானே, எதுக்குக் குதிக்கணும்?"

"போதும் தம்பி, ரொம்பப் பேசாத" என்று சிக்கந்தர் எழுந்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோகிலனுக்கு அடிக்காத பரிசு தனக்கு அடித்ததில் வயிற்றெரிச்சல் என்றுகூட ஒரு வார்த்தை விட்டார். கோகிலன் தேநீரைக் குடித்துக்கொண்டு அங்கேயே இருந்தான்.

வாடகைக் காரிலிருந்து காமாரியா இறங்கினாள். கைப்பையைத் தோளில் மாட்டி, தலைத்துணியைச் சரிசெய்தபடியே உள்ளே வந்தாள். வங்கிக்குப் போகும் அவசரம் முகத்தில் தெரிந்தது. "கெளம்பலாமா? மழை வர்ற மாதிரி இருக்கு. தம்பி, சாப்டியா? என்ன ரெண்டு பேரும் உம்முன்னு இருக்கீங்க?"

கோகிலன் சிக்கந்தரைப் பார்த்தான். சிக்கந்தர் கல்லாப் பெட்டியில் சாவியைத் தேடினார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

"அது ஃப்ரீசருக்கு இல்ல" என்றார், பெட்டியைப் பார்த்தபடியே.

முழுவதும் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எட்டு லட்சத்தைச் சொல்லும்போது குரல் தெளிவாக வந்தது. அறுநூறைச் சொல்லும்போது தடுமாறியது. காமாரியா குதிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க வாங்கல, சரி. அப்ப வேற யாரோ காசு போட்டு வாங்கினதாலதானே பரிசுப் பணம் சேந்திருக்கு?"

"அப்படித்தான் இருக்கும்."

"அது மட்டும் எப்படி நமக்கு ஹலாலாச்சு? அந்தக் காச அடையத்தான் என் ஹஜ்ஜுக் காச எடுக்கணுமா?"

சிக்கந்தர் பதில் சொல்லுமுன் தொலைபேசி ஒலித்தது. இமான். அவர் கைநீட்டுவதற்குள் காமாரியா எடுத்துக்கொண்டாள். மறுமுனை ஸலாம் சொன்னது. அவளும் முறையாகப் பதில் ஸலாம் சொல்லி, மனைவி என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, மலாயில் நிதானமாகப் பேசினாள்.

"வரி பன்னிரண்டாயிரம் என்று சொன்னீர்களாம். எட்டு லட்சத்தில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் சிரமத்துக்கு இன்னும் ஐம்பதாயிரம் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை அனுப்பினால் போதும்."

சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றது மறுமுனை.

"அப்படியானால் உங்கள் அலுவலகம் எங்கே? நாங்களே வந்து நேரில் கட்டுகிறோம்."

பரிசு ரகசியமானது, மூன்றாம் நபரிடம் சொன்னதால் ஒரு மணி நேரத்தில் ரத்தாகிவிடும் என்றது அந்தக் குரல். இப்போது அதில் மரியாதை குறைந்திருந்தது.

"மூணாவது ஆளாம் லா நான்" என்று கணவரிடம் தமிழில் சொன்னாள். அதற்குள் இணைப்பு அறுந்துபோனது. சிக்கந்தர் வாங்கித் திரும்ப அழைத்துப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. இன்னொரு முறையும் அழைத்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"தம்பி, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார்.

"அத விடுங்கண்ணே. அந்த அறுநூறுக்கு இப்பவே பேங்குக்குப் போன் பண்ணுங்க. அப்புறம் போலீஸ்ல ரிப்போர்ட். அடையாள அட்டை நம்பரும் அவன்கிட்ட இருக்கு."

"ஸ்டேஷன்ல போயி என்னன்னு சொல்றது? லோட்டரி அடிச்சுச்சுன்னா? எல்லாம் நம்ம கடையில சாப்புடுறவங்க."

"பார்சல் வந்துச்சுன்னு ஏமாத்திட்டாங்கன்னு சொல்லுங்க" என்றான் கோகிலன்.

"வேணாம். ஒரு பொய்க்கே இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று காமாரியா எழுந்தாள். "நடங்க, நானும் வர்றேன்."

வங்கியில் புகாரை வாங்கிக்கொண்டார்கள், பணத்தைப் பற்றி உறுதி எதுவும் தரவில்லை. காவல் நிலையத்தில் இருந்த அதிகாரி இளைஞர். கடையில் பார்த்த முகம்தான். சிக்கந்தர் மலாயில் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்துகொண்டே வந்தார். லோட்டரி என்ற சொல் வந்தபோதும் விரல்கள் நிற்கவில்லை.

"சீட்டு வாங்கினீர்களா?"

"இல்லை."

"பிறகு எப்படி நம்பினீர்கள்?"

சிக்கந்தர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கைச் சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஆசைதான்" என்றார்.

அதிகாரி அதைத் தட்டச்சு செய்யவில்லை. பணம் போன கணக்கின் எண்ணைக் கேட்டார். காமாரியா கணவரின் தொலைபேசியை வாங்கி, ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி வாசித்தாள்.