டயர் காற்று பிடுங்கப்படும்

படூரில் அந்தத் தெருவுக்கு இருபதடி அகலம் என்று மனை வரைபடம் சொல்கிறது. நடந்து பார்த்தால் எட்டடி தேறும். மீதியில் கார்கள் குடித்தனம் நடத்துகின்றன. தெருக்கோடியில் அடுக்குமாடி கட்டியவன் வீட்டுக்கு ஒரு காருக்குத்தான் இடம் விட்டான். குடிவந்தவர்கள் வீட்டுக்கு இரண்டு கார் வாங்கினார்கள். இரண்டாவது கார் எங்கே போகும்? சாலமோன் மாதிரி ஆள் வாசலுக்குத்தான் வரும்.

சாலமோன் டாக்சி ஓட்டுகிறவன். அவன் அப்பா காலம்வரை அடுத்தவன் வயலில் நாற்று நட்ட குடும்பம். ஓடாத நேரத்தில் அவன் வண்டி அவன் வாசலில் நிற்கும். ஊரில் அவனுக்கிருந்த ஒரே கௌரவம் அது. அடுக்குமாடி நிதின் ஒருநாள் தன் பெரிய வெள்ளை வண்டியை அங்கே விட்டு, "அஞ்சு நிமிஷம்ண்ணா" என்றான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கிய கதைதான். அந்த அஞ்சு நிமிஷம் ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சாலமோனின் டாக்சி மெயின் ரோட்டு ஓரத்தில் தூங்கப் பழகிவிட்டது.

எதிர்வீடு சுப்புராமனுடையது. கல்பாக்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் கேட்டில் டியூஷன் சென்டர் இனாமாகக் கொடுத்த தகரப் பலகை ஒன்று தொங்கும்: 'இங்கே வண்டி நிறுத்தக் கூடாது. மீறினால் டயர் காற்று பிடுங்கப்படும்.' நிதின் அங்கேயும் நான்கைந்து தடவை நிறுத்தியிருக்கிறான். அப்போதெல்லாம் அவர் வைப்பருக்கு அடியில் 'அன்புடையீர்' என்று ஆரம்பித்து அழகான கையெழுத்தில் சீட்டு எழுதி வைப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாலமோனின் மகள் ஷாரோனுக்குக் குரூப் நாலு பரீட்சை. மூன்றாவது முறை. போன தடவை இரண்டு கேள்வியில் போயிற்று. கேளம்பாக்கத்துத் துணிக்கடை வேலையை விட்டுவிட்டுப் பத்து மாதம் படித்திருந்தாள். இதுவும் போனால் திரும்பக் கடைக்குப் போவது என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. சென்டர் செங்கல்பட்டில். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள் என்று ஹால் டிக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஏழரைக்குக் கிளம்பினால் திருப்போரூர் வழியாக எட்டரைக்குப் போய்விடலாம்.

ஏழு மணிக்குச் சாலமோன் டாக்சியைக் கழுவித் துடைத்து ஓட்டிவந்தான். வாசலில் வெள்ளை வண்டி. எதிரே சுப்புராமன் கேட்டருகேதான் இடம் இருந்தது. பலகையைப் பார்த்தான். தினமும் பார்க்கிற பலகைதானே, அது ஊரான் வண்டிக்கு என்று நினைத்துக்கொண்டான். சார் சம்சாரம் சகுந்தலா அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது எட்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது இந்த வண்டி. நம்ம சார் நம்ம வண்டியைத் தொடுவாரா என்ன?

உள்ளே பாஸ்டர் ஞானதாஸ் காத்திருந்தார். ஹால் டிக்கெட்டை வைத்து ஜெபிக்காமல் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று அவன் மனைவி மேரி பிடிவாதம். எல்லோரும் முழங்கால் போட்டார்கள். பாஸ்டர் ஷாரோனுக்காக ஜெபித்தார், கேள்வித்தாள் எடுத்தவர்களுக்காக ஜெபித்தார், திருத்தப்போகிறவர்களின் கண் பார்வைக்காகவும் ஜெபித்தார். ஆமென் சொல்லி எழுந்தபோது ஏழு இருபத்தைந்து.

வெளியே வந்தால் டாக்சி தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. நான்கு டயரும் காலி.

கேட்டுக்கு உள்ளே சுப்புராமன் வால்வைக் குத்திய தீக்குச்சி கையில் இருக்க நின்றார். முகத்தில் கடமையைச் செய்த களை.

"யாருது இது? போர்டு கண்ணுக்குத் தெரியலையா?" என்றவர், ஆளைப் பார்த்ததும் சுருதி இறங்கினார். "சாலமோன்... உன்னோடதா? மஞ்சள் பிளேட்டைப் பார்த்தேன். ஏதோ கால் டாக்சிக்காரன்னு நெனச்சுட்டேன்ப்பா."

"சார், பாப்பாக்கு பரிச்ச சார். ஒம்போதுக்கு செங்கல்பட்டுல இருக்கணும் சார்."

சுப்புராமன் வீட்டு ஷெட்டில் துணி போர்த்திய கார் நின்றது. நாலு பேர் தள்ளினால் டாக்சியை ஒதுக்கிவிடலாம். 'என் வண்டியை எடுத்துக்கோ' என்று ஒரு வார்த்தை வரும் என்று சாலமோன் அந்தத் துணியையே பார்த்தான். சுப்புராமனும் ஒருமுறை அதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேகமாக உள்ளே போய் சைக்கிள் பம்ப் ஒன்றை எடுத்துவந்தார்.

பஞ்சர் கடை ஞாயிற்றுக்கிழமை பத்துக்குத்தான் திறப்பான். ஸ்டெப்னி இருப்பது ஒன்று. ஷாரோன் போனில் வண்டி புக் செய்தாள். ஏழு நிமிஷம் என்று காட்டியது, செங்கல்பட்டு என்றதும் கேன்சல் ஆனது. இன்னொன்றும் அப்படியே. பாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்பை அழுத்தினார். மூச்சு வாங்கியது அவருக்கு, டயர் அசையவில்லை.

மேரி தன் தம்பி ஜெரோமுக்குப் போன் போட்டாள். நைட் ஷிப்ட் முடிந்து கூடுவாஞ்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்தவன், பைக்கில் வந்து சேர்ந்தபோது மணி எட்டு.

"குந்து ஷாரோன், நான் இட்டுகினு போறேன். இன்னா மாமா நீ, ஊர் வண்டிலாம் ஓட்டுற, பொண்ணுக்கு வண்டி இல்லயா?" என்றான்.

பதினொரு மணிக்கு இருவரும் திரும்பி வந்தார்கள்.

"ஒம்போது நாலுக்குப் போனோம் மாமா. கேட்ட சாத்திட்டானுங்க. கால்ல வுயாத குறையா கெஞ்சிச்சு. ரூல்ஸ்மா, ரூல்ஸ்னுகினே கீறாங்க," என்றான் ஜெரோம். ஷாரோன் முகம் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுதிருந்தால்கூடச் சாலமோனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

காலையிலிருந்து அவனுக்குள் ஒரே கேள்வி கொதித்துக்கொண்டிருந்தது. நிதின் வண்டிக்கு 'அன்புடையீர்', என் வண்டிக்குத் தீக்குச்சியா? ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது சரிதான். ஆனால் இன்றைக்கு விடப்போவதில்லை. எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை என்று அடுக்கியே வைத்திருந்தான்.

சாயங்காலம் அவர்களே வந்தார்கள், சுப்புராமனும் சகுந்தலாவும். கையில் ஆப்பிள் பை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"மனசே சரியில்ல சாலமோன். உன் வண்டின்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பேனா? அடுத்த தடவை நானே கணக்குச் சொல்லித்தரேன் அவளுக்கு," என்றார்.

சாலமோன் வாயைத் திறந்தான். இருபத்திரண்டு வருஷ டாக்சி ஓட்டத்தில் கதவை அறைந்து சாத்தியவனுக்கும், ஒரு மணி நேரம் காக்கவைத்தவனுக்கும், வாய்க்கு வந்தபடி ஏசியவனுக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை அங்கே முந்திக்கொண்டது.

"பரவால்ல சார். வுடுங்க."

சுப்புராமன் முகம் தெளிந்தது. "பெரிய மனசுப்பா உனக்கு," என்று சொல்லிவிட்டுச் சகுந்தலாவைப் பார்த்தார்.

நாற்காலியில் இருந்த ஷாரோன் தலையை நிமிர்த்தினாள். சுப்புராமனை அவள் பார்க்கவே இல்லை. அப்பனைத்தான் பார்த்தாள்.

"இன்னாது பரவால்ல?" என்று கேட்டாள். "சொல்லுப்பா, எது பரவால்ல?"

சாலமோன் தன் கையைப் பார்த்தான். நீட்டிய ஆப்பிள் பையை அது ஏற்கெனவே வாங்கியிருந்தது.