விழுகிற விதம்

கலைப்பிரியா வரைந்த வீரன் மற்றப் பெண்களின் வீரர்களைப்போல விழவில்லை. தமிழ் டீச்சர் அமல்ராணி அதைத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், போனில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

பிளஸ் டூ தமிழ்ப் பாடத்தில் ஒரு போர்க்களச் செய்யுள். மதியச் சோற்றுக்குப் பிறகு அதை நடத்தினால் பாதி வகுப்பு தூங்கிவிடும். அதனால்தான் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் அனிமேஷன் செய்யச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு குச்சி மனிதனின் கையை இம்மியளவு நகர்த்தினால் ஒரு படம்; இன்னும் இம்மி, இன்னொரு படம்; சேர்த்து ஓட்டினால் கை ஓங்கும். மணி அடித்தும் பெண்கள் எழுந்திருக்கவில்லை. சொல்லுக்குப் பொருள் கேட்டு அவர்களாகவே அவளைத் துரத்தினார்கள். ஸ்டாஃப் ரூமில் 'கார்ட்டூன் டீச்சர்' என்று சிரித்தவர்களுக்கு, சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் இந்தப் படங்களைப் போட்டுக் காட்டிப் பதில் சொல்ல இருந்தாள்.

எல்லாருடைய வீரர்களும் வெட்டுப்பட்டதும் சினிமாவில் வருவதுபோலப் பத்தடி பறந்தார்கள். கலைப்பிரியாவின் ஆள் மட்டும் நின்றான். அடி விழுந்த பிறகும், ஏதோ கேட்கப்போகிறவன்போல நின்றான். பிறகு ஒரு முழங்கால் மடங்கியது. ஒரு கை மண்ணைத் தேடியது. அடித்தவன் இடது கையால் மறுபடி ஓங்கினான். இரண்டு தரம், மூன்று தரம். பிறகு காலைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு பெரிய வட்டத்துக்குள் தள்ளினான்.

"செய்யுள்ல பள்ளம் எங்கடி வருது?" என்று மறுநாள் அமல்ராணி கேட்டாள்.

"சும்மா வரைஞ்சேன் மிஸ்."

"கையில என்னது, கோடாலியா?"

"மீட்டிங்ல என்னுதப் போடுவீங்களா மிஸ்?" என்று கலைப்பிரியா திருப்பிக் கேட்டாள். அதிகம் பேசாத பெண். மூன்று வருஷத்துக்கு முன் அப்பா கிணற்றில் தவறி விழுந்து இறந்துபோனார். அம்மாவும் இவளும் வல்லம் பக்கத்தில் பெரியப்பா நடராசன் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

கூட்டத்துக்கு நடராசன்தான் வந்தார். வெள்ளைச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக வந்து, நோட்டில் இடது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். அமல்ராணி அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்ததைப் பற்றி யோசிக்க அவளுக்குப் பொழுதில்லை. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், புரொஜெக்டர் சூடாகிவிட்டது, கைதட்டலுக்கு மனசு பறந்தது. இருப்பதில் சிறந்ததை முதலில் போட்டாள்.

சுவர் முழுக்க அந்த முழங்கால் மடங்கியது. இரண்டொருவர் கை தட்டினார்கள்.

நடராசன் எழுந்து, மேஜையிலிருந்த லேப்டாப்பைத் தூக்கி, பக்கத்தில் நின்ற கலைப்பிரியாவின் முகத்தில் அடித்தார். இரண்டாவது அடியில் திரை நொறுங்கித் தரையெல்லாம் சிதறியது. சடையைச் சுருட்டிப் பிடித்து அவள் நெற்றியை பெஞ்சில் மோதினார்.

"அன்னிக்கி கெணத்தாண்ட நீ எங்கடி நின்னுக்கினு இருந்தே?"

கூடம் முழுக்க அது கேட்டது. கேட்டுவிட்டது என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பிடி ஒரு கணம் தளர்ந்தது. அமல்ராணி நடுவில் பாய்ந்து பெண்ணை இழுத்தாள். இரும்பு நாற்காலி ஒன்று மேலே எழுவதைக் கண்டு கையைத் தூக்கினாள். வலிக்கும் முன்பே முறியும் சத்தம் காதில் விழுந்தது.

வாயில் ரத்தம் வழிய கலைப்பிரியா பதில் சொன்னாள். "பம்ப்செட்டு ரூமு ஜன்னல்ல பெரிப்பா. அப்பாவ மம்முட்டியால அடிச்சீங்களே, அப்ப."

அதற்குப் பிறகு ஆண்கள் அவர்மேல் விழுந்தார்கள். பிடித்தவர்கள் பிடித்ததோடு விடவில்லை. வெள்ளைச் சட்டை கிழிந்து, மிதிபட்டு, அவர் கத்துவது நிற்கும்வரை அடித்தார்கள். 'போதும், விடுங்க' என்று அமல்ராணி சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

சாயங்காலம் பெரியாஸ்பத்திரியில் கலைப்பிரியாவின் அம்மா அம்சா வந்து அமல்ராணியின் கட்டிலருகே நின்றாள். மல்லாட்டைக் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த காட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். விரலிடுக்கில் செம்மண் காய்ந்திருந்தது. மகளின் உதட்டில் ஆறு தையல். அடுத்த அறையில் பெண் போலீஸ் அவளிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டிருந்தது.

"நான் அதப் போட்டிருக்கக் கூடாதும்மா," என்றாள் அமல்ராணி. மாவுக்கட்டுக்குள் கை விண்விண் என்று தெறித்தது.

அம்சா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மூணு வருசமா அந்த ஆளுக்கு நான் சோறாக்கிப் போட்டுக்கினு இருந்தேன் டீச்சர். பாவி மவ, கூடவே உக்காந்து துன்னாளே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல." முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு, "அவுருக்குத் தல கல்லுல மோதிச்சி, வலி தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காதுன்னாங்க. அத நெனச்சித்தான் மனசத் தேத்திக்கினேன். அந்தப் படம் இருக்குதா இன்னும்?"

"போன்ல இருக்கு. வேணாம்மா."

"காட்டுங்க."

"அம்சா..."

"எம் பொண்ணு பாத்தத நான் பாக்க வாணாமா?"

அமல்ராணி பழக்கமில்லாத இடது கையால் போனைத் தடவித் தேடி எடுத்து, படுக்கையின் ஓரத்தில் சாய்த்து வைத்தாள். அம்சா தரையில் மண்டியிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். உள்ளங்கை அகலத் திரையில் இரண்டு குச்சி மனிதர்கள் எதிரெதிரே நின்றார்கள். முதல் அடி விழுந்தது. அவன் நின்றான். பிறகு முழங்கால் மெல்ல மடங்கத் தொடங்கியபோது, அம்சாவின் மண் படிந்த கை தன்னை அறியாமல் நீண்டு, திரைக்குக் கீழே, ஏந்துவதற்காக விரிந்தது.