பொன்னுருக்கு நாளில் திறக்காத டிக்கி

மஹ்றூப்பின் கார் டிக்கிக்குப் பூட்டும் கிடையாது, திறப்பும் கிடையாது. அவன் அந்தக் காரைப் பழசாக வாங்கும்போதே இல்லை. பின்மூடியில் ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அமத்தினால் மூடி திறக்கவேண்டும். ஆனால் திறக்காது. வருசக்கணக்காகக் கொளுக்கியில் முட்டி முட்டி அந்தப் பொத்தானின் உள்முனை தேய்ந்துபோயிருந்தது. ஆகையால் ஒரு கையால் பொத்தானை அமத்திப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் மூடியில் ஓங்கி ஓர் அறை கொடுக்கவேண்டும். அப்போதுதான் வாயைத் திறக்கும். எந்த இடத்தில் அறைவது என்பது மஹ்றூப்புக்குத்தான் தெரியும். அவன் பெண்சாதி பரீனாவுக்குக்கூட அது கைவரவில்லை.

ஏரம்பு இதையெல்லாம் முல்லைத்தீவில் விடியக்காலையில் நின்று பார்த்தார். கண்டாவளைக்குப் போக அந்தக் காரை வாடகைக்குப் பிடித்திருந்தவர் அவர்.

"பூட்டு இல்லையோ?"

"பூட்டு என்னத்துக்கண்ணை? எனக்கே திறக்கிறது பெரும்பாடு. கள்ளன் வந்து என்ன செய்யப்போறான்?"

கார் வைத்திருக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான். ஏரம்புவுக்கு அது காதில் ஏறவில்லை. கண்டாவளையில் காடு வெட்டிக் கழனி ஆக்கினவர் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற வந்த நாளிலிருந்து காணிக்காரன், உரக்காரன், நெல் வாங்குகிறவன் எல்லாரையும் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுத்தான் நாலு பேர் மதிக்கிற நிலைக்கு வந்திருந்தார். கிளிநொச்சியில் பொன்வேலை செய்கிற பத்தர் இருக்க, அவரை நம்பாமல்தான் இவ்வளவு தூரம் வந்து கனகலிங்கப் பத்தரைக் கூட்டிப்போகிறார். கனகலிங்கத்தாரை நம்பினார் என்றில்லை. தூரத்து ஆள் என்பதால் சந்தேகம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

அன்றைக்கு மகன் யோகலிங்கத்துக்குப் பொன்னுருக்கு. தாலிக்கான பவுணைக் கண்டாவளை வீட்டில், பெண் வீட்டார் பார்த்திருக்க, நல்ல நேரத்துக்குள் உருக்கவேண்டும். ஆனி மாதம் அது. இந்த நேரம் தவறினால் நடுவில் ஆடி. அதற்குப் பிறகு ஆவணியில்தான் நாள் வரும். அதுவரைக்கும் பெண் அருந்ததியின் தகப்பன் கதிர்காமநாதன் மனம் மாறாமல் இருப்பார் என்று என்ன நிச்சயம்? பூநகரியில் அவருடைய தமக்கை ஒருத்தி, தன் மகனுக்கு அருந்ததியைக் கேட்டுப் பாயும் தலையணையுமாக வந்து இருந்தவள். சம்மதம் சொல்லவே ஒரு மாரி முழுக்க எடுத்த மனுசன் அந்த ஆள். அருந்ததியை விட்டால் யோகலிங்கம் வேறு பெட்டை பார்க்கவும் மாட்டான். ஒருநாளும் எதிர்த்துக் கதைக்காத மகன் அந்தப் பேச்சை மட்டும் நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டான்.

முல்லைத்தீவில் பத்தர் பார்த்து எடுத்துத் தந்த பவுணை மடியில் வைத்தால் வழியில் எவனாவது மடியைத்தான் தடவுவான். அதனால் ஏரம்பு அதைத் துணியில் முடிந்து பச்சையரிசிச் சாக்குக்குள் கைமுட்டு ஆழத்துக்குப் புதைத்தார். சாக்கு டிக்கிக்குள் போனது. பத்தருடைய உமிச்சட்டி, ஊதுகுழல், குறடு, சுத்தியல் எல்லாம் போட்ட பெட்டியும் பக்கத்தில் போனது.

புதுக்குடியிருப்பில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டினார்கள். ஏரம்பு இறங்கவில்லை. மற்ற இருவரும் கடைக்குள் போய்க் குடித்தார்கள், இவர் காரோடு காவல் இருந்தார். ஆனால் வயசான மனுசனுக்குப் பற்றைப் பக்கம் ஒதுங்காமல் இருக்க முடியாதே. சந்தியில் நின்ற பெடியள் நாலுபேரின் பார்வையும் அவருக்குப் பிடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியைப் பொத்தானுக்கும் அதன் குழிக்கும் நடுவில் செருகி, நகத்தால் இறுக்கி, வெளியே நீண்டதை முறித்து எறிந்தார். இனி அமத்திப் பார்க்கட்டும். அந்த யோசனை வந்ததற்காகத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு பற்றைக்குள் போனார்.

கண்டாவளை வீட்டு முற்றத்தில் நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, பந்தலில் வாழை கட்டி எல்லாம் ஆயத்தமாக இருந்தது. கதிர்காமநாதன் பெண்பகுதிச் சனத்தோடு வந்து கதிரையில் இருந்தார். அவர் கையில் ஒரு மணிக்கூடு. நேரம் பார்ப்பதற்கென்றே பிறந்த ஆள்போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

மஹ்றூப் டிக்கிப் பக்கம் போனான். அமத்தினான், அறைந்தான். திறக்கவில்லை. இன்னும் பலமாக அமத்தினான். உள்ளே ஏதோ ஒன்று நொறுங்கிய சத்தம் கேட்டது. பொத்தான் குழிக்குள் சரிந்து போய் அப்படியே இருந்துவிட்டது. வெளியே வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

"என்ன நடக்குது?" என்று ஏரம்பு வந்தார்.

"பொத்தான் உள்ள இறுகிப்போச்சண்ணை. ஒருநாளும் இப்பிடிச் செய்யேல்லை."

"எனக்கு அப்பவே தெரியும்! உன்ர வேலைதான் இது. என்ர சாமானை உள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு என்னட்டை என்ன கேக்கப் பாக்கிறாய்?"

"பூட்டே இல்லை எண்டு காலமை கத்தினது நீங்கள்தானே!"

பத்தர் பின்சீற்றைத் தூக்கி அந்தப் பக்கத்தால் கையை விடலாமா என்று பார்த்தார். சீற்றுக்குப் பின்னால் தகரம் அடித்திருந்தது. கரையெல்லாம் ஆணி.

"இதென்னப்பா கோட்டைச் சுவரோ?"

மஹ்றூப் தலையைச் சொறிந்தான். "சில நாளையில கருவாடு ஏத்துறனான். மணம் முன்னுக்கு வாறதெண்டு ஆக்கள் ஏச, அடிச்சுவிட்டன்."

கதிர்காமநாதன் மூக்கைச் சுருக்கினார். "கருவாடோ? தாலிப்பவுண் வாற டிக்கியிலயோ?"

"நேற்றுச் சவுக்காரம் போட்டுக் கழுவினதண்ணை. எங்கட வீட்டுக் குசினி அவ்வளவு சுத்தமில்லை."

பெண்டுகள் பக்கத்தில் சிரிப்பு எழும்பியது. ஏரம்புவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டுக்கொட்டிலுக்குப் போய்க் குழி தோண்டுகிற அலவாங்குக் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மஹ்றூப் காருக்கு முதுகைக் கொடுத்துக் கைகளை விரித்துக்கொண்டு நின்றான்.

"முதல்ல என்ர நெஞ்சில போடுங்கோ, பேந்து காரில போடலாம்."

"விலகடா!"

"சம்பந்தி," என்று கதிர்காமநாதன் மணிக்கூட்டைப் பார்த்தார். "நேரம் ஓடுது. ஏலாதெண்டால் ஆவணியில வைப்பம், என்ன? எனக்கொண்டும் அவசரமில்லை."

ஆவணி என்ற சொல் விழுந்ததும் ஏரம்புவின் கையிலிருந்த அலவாங்கு தானாக இறங்கியது. பந்தலடியில் மகன் வேட்டி கசங்காமல் நின்றான். முகம் மட்டும் கசங்கியிருந்தது. ஏரம்பு குனிந்து பொத்தான் குழியைப் பார்த்தார். ஓரத்தில் வெள்ளையாகச் சின்னச் சிராம்பு ஒன்று தெரிந்தது. குச்சியை இறுக்கினவர் அதை எடுக்க மறந்தே போயிருந்தார்.

அலவாங்கை நிலத்தில் போட்டார். பிறகு ஊருக்கே கேட்கச் சொன்னார்.

"நெருப்புக்குச்சி. நான்தான் செருகினனான். புதுக்குடியிருப்பில."

"என்னத்துக்கு?" என்றாள் கமலாசனி, அவர் பெண்சாதி.

"கள்ளன் திறந்துபோடுவான் எண்டு."

கமலாசனி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை. "இஞ்சாருங்கோ, கள்ளன் வரேல்லை. வீட்டுக்காரனும் திறக்கேலாமப் போச்சு!" என்றாள். பந்தல் முழுக்கச் சிரித்தது. கதிர்காமநாதன்கூட மணிக்கூட்டை மறந்து தொடையில் தட்டினார்.

மஹ்றூப் மட்டும் ஏரம்புவைப் பார்த்தான். "அப்ப என்ர வேலையில்லை?"

"இல்லை. என்ர வேலை. இப்ப என்ன செய்யிறது, அதைச் சொல்லு."

பாய் பின்னுகிற கை கமலாசனியுடையது. உள்ளே ஓடிப்போய்ச் சத்தகத்தை எடுத்துவந்தாள். பன்னோலை வார்கிற சின்னக் கத்தி அது. காம்பு இரும்பில் நீண்டு ஊசிபோலக் கூர்ந்திருக்கும். பத்தர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"உங்களுக்கு இதின்ர பிடி தெரியாது, பத்தர். தள்ளுங்கோ."

டிக்கிக்கு முன்னால் குந்தியிருந்து, பாயின் இழையை விலத்துவதுபோல, குழிக்குள் முறிந்துகிடந்த குச்சியைத் துண்டு துண்டாகக் கிளறி எடுத்தாள். கடைசித் துண்டோடு பொத்தானும் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதைப் பிடித்து வைத்திருந்த ஆணி ஒடிந்திருந்தது. உள்முனை, எழுதி முடித்த வெண்கட்டிபோலச் சரிந்து தேய்ந்திருந்தது.

"ஓட்டை இருக்கு, கம்பி இருக்கு," என்றாள். "மஹ்றூப் நானா, உங்கட அறையை ஆயத்தமா வையுங்கோ."

சத்தகக் காம்பை ஓட்டைக்குள் விட்டுத் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டாள். எதுவோ தட்டுப்பட்டது. "இந்தா கிடக்கு. அறையுங்கோ!"

மஹ்றூப் ஓங்கி அறைந்தான். மூடி படக்கென்று எழும்பிக் கமலாசனியின் கொண்டையைத் தட்டிக்கொண்டு மேலே போனது. முற்றத்துச் சனம் தேர் வெளிக்கிட்டதுபோல ஆரவாரித்தது. யாரோ ஒரு கிழவி குலவை போட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஏரம்பு சாக்கை அவிழ்த்து முழங்கை மட்டும் அரிசிக்குள் கையை விட்டார். தடவினார். முகம் வெளிறியது. மற்றப் பக்கம் தடவினார். பிறகு முடிச்சோடு கையை வெளியே இழுத்தார். தாடியெல்லாம் அரிசிமா.

"கெதியா, கெதியா," என்று கதிர்காமநாதன் இப்போது எழும்பியே நின்றார். "பத்தர், நேரம் கிடக்கு. ஊதுங்கோ!"

சிரட்டைக்கரி பிடித்தது. பத்தர் ஊதுகுழலை வாயில் வைத்து ஊத, மூசை என்கிற மண்கிண்ணத்துக்குள் பவுண் முதலில் கறுத்து, பிறகு சிவந்து, பிறகு பொட்டென்று உருண்டு ஒரு துளியாகத் திரண்டது. சுற்றிநின்ற ஆட்களின் முகமெல்லாம் மஞ்சள் பூசினாற்போல ஆனது. தேங்காய் உடைத்தார்கள். வெற்றிலையில் பொன்னை வைத்து ஒவ்வொருவரிடமும் கொண்டுபோனார்கள். கதிர்காமநாதன் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு மணிக்கூட்டைப் பார்க்கவே இல்லை.

பலகாரமும் தேத்தண்ணியும் ஓடிக்கொண்டிருந்தபோது பத்தர் பொத்தானை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நெருப்பு இன்னும் கிடக்கு. ஒரு பித்தளைத் துண்டு இருந்தால் இந்த முனைக்கு ஒரு தொப்பி வைச்சு ஒட்டிவிடலாம். அதோட அறையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

ஏரம்பு துள்ளினார். "பொன் உருக்கின நெருப்பில கார்ச் சாமானோ? என்ன விசர்க் கதை!"

"ஏன் சம்பந்தி?" என்றார் கதிர்காமநாதன், வாயில் பயித்தம்பணியாரத்தோடு. "என்ர மகள் ஏறிவரப்போற கார்தானே. நல்ல நெருப்பில செய்தால் என்ன குறை?"

ஏரம்பு அவரையே பார்த்தபடி நின்றார். அந்த ஆளின் வாயால், யாரும் கேட்காமல், அந்தச் சொல் வந்துவிட்டது. பூநகரித் தமக்கையும் இல்லை, ஆவணியும் இல்லை. ஏறிவரப்போகிற கார்.

"கமலாசனி!" என்று கத்தினார். "அந்த விளிம்பு வெடிச்ச பித்தளைச் செம்பைக் கொண்டு வா!"

அவள் கொண்டுவந்த செம்பில் பத்தர் ஒரு துண்டு வெட்டி, பொத்தான் முனைக்குமேல் வளைத்து, வெண்காரம் தூவி ஊதி ஒட்டினார். ஆறவிட்டு அரத்தால் தீட்டினார். நீளம் கூடிவிட்டது. போட்டுப் பார்த்தார், கழற்றினார், இன்னும் கொஞ்சம் தீட்டினார். பழைய சைக்கிள் கம்பியில் ஒரு துண்டு நறுக்கி ஒடிந்த ஆணிக்குப் பதிலாகச் செருகி, இரண்டு பக்கமும் தட்டி மடக்கினார்.

மஹ்றூப் மூடியைச் சாத்தினான். அறைவதற்குக் கை தானாக ஓங்கியது. பத்தர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"விரலால மட்டும்."

மஹ்றூப் ஒரு விரலால் தொட்டான். 'டக்' என்றது. மூடி எழும்பியது.

"அல்லாவே!" என்றான். திரும்பச் சாத்தினான், திரும்பத் திறந்தான். "பரீனா நம்பமாட்டாள்!"

பிறகு அந்தக் காருக்கு அமைதி இல்லை. கதிர்காமநாதன் ஒருக்கால் அமத்தினார். மாப்பிள்ளை அமத்தினான். பெண்டுகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்து அமத்தினார்கள். கமலாசனி சத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சின்னவிரலால் அமத்திக் காட்டினாள். ஏரம்பு எல்லாருக்கும் பின்னால் வந்தார். அமத்தினார். கேட்டார். சாத்தினார். மறுபடி அமத்தினார்.

"அண்ணை, காணும், விடுங்கோ! கலியாணத்துக்கு முந்தித் தேஞ்சுபோம்," என்றான் மஹ்றூப்.

"தேயட்டும். பத்தர் இருக்கிறார்."

சொன்ன பிறகுதான் தான் ஒருவரை நம்பிச் சொன்னது அவருக்கே விளங்கியது. பத்தர் சிரித்துக்கொண்டே உருக்கிய பொன்னைப் பட்டுத்துணியில் முடிந்து, தாலி செய்யக் கொண்டுபோக மடியில் வைத்தார். ஏரம்பு அந்த மடியைப் பார்த்தார், வீட்டுக்குள் போனார், சால்வையோடு வெளியே வந்தார்.

"எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்றாள் கமலாசனி.

"முல்லைத்தீவுக்கு. பத்தருக்குத் துணை வேண்டாமோ?"

"பத்தருக்கோ, பவுணுக்கோ?"

ஏரம்பு சால்வையைத் தோளில் போட்டார். முன்சீற்றில் மஹ்றூப்புக்குப் பக்கத்தில் ஏறி இருந்து, கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார்.

"சம்பந்தி, கூறை எடுக்கப் போறதுக்கும் இந்தக் கார்தான். சொல்லிப்போட்டன்."

கதிர்காமநாதன் பலகாரத் தட்டோடு கையை ஆட்டினார். மஹ்றூப் காரை எடுத்தான். டிக்கிக்குள் பரீனாவுக்கென்று கமலாசனி வைத்துவிட்ட பணியாரப் பெட்டி, மேடு பள்ளத்தில் துள்ளித் துள்ளிப் போய்க்கொண்டிருந்தது.