பிறந்தநாள் ஒப்பாரி

எங்கள் ஊரை ஆளும் ரோமர்கள் பேரரசரையே தெய்வமாக்கி, என் அண்ணன் பிளாட்டோரை அவருக்குப் பூசாரியாக்கியதில் எனக்குத் துளியும் இஷ்டமில்லை. ரோமக் குடியுரிமை, நீளமாக ஒரு புதுப்பெயர், உடம்பைச் சுற்றிப் பத்து முழ வெள்ளைத் துணி. "தடுக்கி விழாம நடந்துருவியாண்ணே?" என்று கேட்டேன். "வாயை மூடுடா" என்றான்.

அண்ணி ஆப்லோ அந்தத் துணியைத் தொடக்கூட இல்லை. அவர்களுடைய ஒரே மகன் தாசியுஸ், பேரரசரின் படையில் சேர்ந்து டான்யூப் நதிக்கு அப்பால் செத்துப்போனான். சேதிதான் வந்தது, உடல் வரவில்லை. புதைத்த இடத்தில் கல் நட்டு, அதன்மேல் மது ஊற்றிய பிறகுதான் எங்கள் பெண்கள் கூந்தலை அவிழ்த்து ஒப்பாரி வைக்கலாம். உடலில்லாதவனுக்கு ஏது கல்? இரண்டு வருடமாக அண்ணி அழவில்லை. பாவம், பேச்சே குறைந்துபோயிருந்தது.

பேரரசர் பிறந்தநாளன்று சந்தைத் திடலில் கல்லாலான புதுப் பலிபீடம். ரோமப் படைத்தலைவன் வீரர்களோடு வந்து நின்றான். அண்ணன் துணியின் நுனியைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, மனப்பாடம் செய்த லத்தீன் வாழ்த்தை ஒப்பித்து, கல்லின்மேல் மதுவை ஊற்றினான்.

அண்ணி கூந்தலை அவிழ்த்தாள்.

"நான் பெத்த ராசாவே, என்னை விட்டுப் போனியே" என்று அவள் எடுத்ததும் மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பேரரசர் போய்விட்டார் போலிருக்கிறது என்றே பாதிப்பேர் நினைத்தார்கள். உயிரோடிருக்கும் பேரரசருக்கு ஒப்பாரி வைத்தால் தலை தப்பாது.

படைத்தலைவனுக்கு எங்கள் பேச்சு புரியாது. வாளில் கை வைத்தபடி, கொஞ்சம் லத்தீன் தெரிந்த அண்ணனிடம் கேட்டான்: "யார் செத்துட்டாங்கன்னு இவ அழறா?"

"அழுகை இல்லீங்க. பேரரசரை வாழ்த்தி எங்க பொம்பளைங்க பாடுற பாட்டு. சந்தோஷம் தாங்காம கண்ணு கலங்குது" என்றான் அண்ணன்.

நம்பிவிட்டான் அந்த மடையன். அதோடு விட்டானா? இனி வருடாவருடம் பாடவேண்டும் என்று உத்தரவே போட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளைக்கு ஒரு கல்லு கெடச்சிருச்சு" என்றாள்.

ஆறு வருடமாகப் பாடுகிறார்கள். உடல் வராத வீட்டுப் பெண்கள் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் நடந்தே வருகிறார்கள். அண்ணி முன்னால் நின்று மகன் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுகிறாள். நானும் கூட்டத்தோடு அழுகிறேன், எனக்கென்ன வெட்கம்.

அண்ணன் மட்டும் பீடத்தருகே நின்று மதுவை ஊற்றுகிறான். பேரரசரின் பிறந்தநாளில் பூசாரி சிரித்த முகமாக நிற்கவேண்டும் என்பது படைத்தலைவனின் கட்டளை.