விட்டுப்போன வலி

...இந்தக் கழுத்தில்தான், காதுக்குக் கீழே, கடுக்கன் ஆடுகிற இடத்தில், ஒரே வெட்டு, கவ்வாத்துக் கத்திக்கு முற்றின தேயிலை வாதே நிற்காது, கங்காணி இராசையாவின் கழுத்து எம்மாத்திரம்? மடியில் செருகிய கத்தியை முந்தானைக்கு மேலாகத் தொட்டுக்கொண்டே ஏறினாள் பெரியாயி, மலைப்பாதையில். முன்னால் கங்காணி, பின்னால் கொழுந்தன் தம்பையா, நடுவே கம்பில் கட்டிய கம்பளித் தூளியில் அவள் புருஷன் கந்தப்பன். மழை விட்டபாடில்லை. பெரகலச் சந்தியில் டாக்டர் வண்டியோடு நிற்பாராம், தோட்டத்துத் துரை சொல்லி அனுப்பியிருக்கிறாராம், போய்ச் சேரட்டும், இவர் பிழைக்கட்டும், அப்புறம் இவனைப் பார்த்துக்கொள்ளலாம்... பிழைக்காவிட்டால்? அங்கேயே வெட்ட வேண்டியதுதான். பாவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த மனிதனை, காலையில பேர் குடுக்க பெரட்டுக்கு வராம நடிக்கிறியாடா என்று மயிரைப் பிடித்து லயத்து வீட்டு வாசலுக்கு இழுத்தானே, வலது அடிவயிற்றைப் பொத்தியிருந்த கைமேலேயே பூட்ஸ் காலால் உதைத்தானே, இப்போது துரைக்குப் பயந்து தூளி தூக்குகிறானாம்.

அப்படி உதைத்தும் சாக விட்டேனா, நான்தானே காப்பாற்றினேன்... லயத்தில் எந்தப் பிள்ளைக்குக் குடல் புரண்டாலும் தட்டி விட அவளைத்தான் கூப்பிடுவார்கள். விளக்கெண்ணெய் தடவி, கட்டைவிரலால் துழாவி, முடிச்சு தட்டுப்பட்டதும் விடாமல் அழுத்தி... அவர் அலறினார், அவள் கையைக் கடித்தார், தம்பையா காலைப் பிடித்துக்கொள்ள, அவள் அவர் தொடைமேல் ஏறி உட்கார்ந்து அமுக்கினாள், இரக்கம் பார்த்தால் முடிச்சு அவிழுமா? விரலடியில் என்னவோ இளகியது. "விட்ருச்சு புள்ள," என்றார். கஞ்சிகூடக் குடித்தார். மறுநாள்தான் காய்ச்சல், பலகையாய் இறுகிய வயிறு... எல்லாம் அந்த உதையால்தான், வேறென்ன?

சந்தியில் டாக்டர் குனிந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கங்காணி டாக்டரின் முகத்தையே பார்த்து நின்றான். பார்க்கட்டும்.

"வலி விடாமதானே இருந்துச்சு?"

"இல்லீங்க சாமி, நடுவுல சுத்தமா விட்ருச்சு," பெரியாயி முந்திக்கொண்டாள். "நான் குடல் தட்டினப்பங்க."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "குடல் ஓரத்துல வால் மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அதுல சீழ் கட்டியிருக்கு. வலி விட்டப்பதான் வெடிச்சிருக்கு. அதுக்கு முன்னயே கொண்டாந்திருக்கணும்."

அப்படியானால் உதைத்தபோது இல்லையா? உதைத்த பிறகும் பொழுதுக்கும் கத்தினாரே, வலி போகவில்லையே, போனது... தூளியை வண்டியில் ஏற்றினார்கள். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துப் பிழிந்தான், கழுத்து கை எட்டும் தூரத்தில் இருந்தது, கத்திப்பிடி மேல் கட்டைவிரல் இருந்தது, அந்தக் கையில் அவர் கடித்த இடம் இன்னும் எரிந்தது. வண்டிக்குள்ளிருந்து கந்தப்பனின் குரல் கேட்டது.

"பெரியாயி, நீயும் ஏறு புள்ள. திரும்ப நோவுது. அன்னிக்கு மாதிரி கொஞ்சம் அமுக்கி விடு."