ஆறாவது பேர்

கண்டி ரேடியோவில் ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு நாகலெட்சுமியின் பேர் வந்ததென்றால், அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டுக்காரி ஜோசப்பினின் அடுப்படியில் சட்டி உருளும். நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் வெள்ளிக்கந்தைத் தோட்டத்தில் இது வாராவாரம் நடந்துவந்த சங்கதி. இருவருக்கும் ஒரே லயம், அந்த நீள வீட்டு வரிசையில் அடுத்தடுத்த காம்பரா. நடுச்சுவர் கூரையைத் தொடாமல் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதனால் அந்தப் பக்கத்து ரேடியோ இந்தப் பக்கத்துக்கும் பாடும், இந்தப் பக்கத்துச் சட்டி அந்தப் பக்கத்துக்கும் கேட்கும்.

நாகலெட்சுமி எட்டாம் வகுப்பு வரை படித்தவள். வாராவாரம் பச்சை மையால் முத்து முத்தாகத் தபாலட்டை எழுதி, விரும்பிய பாட்டைக் கேட்பாள். பாட்டு கிடக்கட்டும், பேர்தான் விசேஷம். "நோர்வூட் வெள்ளிக்கந்தை மேற்பிரிவிலிருந்து நாகலெட்சுமி, அழகுமுத்து..." என்று அறிவிப்பாளர் தேன் குழைத்த குரலில் தொடங்கி, அவள் பேர், புருஷன் பேர், மூன்று பிள்ளைகளின் பேர் என்று ஐந்தைச் சொல்லிவிட்டு, "மற்றும் நண்பர்கள்" என்று முடித்துவிடுவார்.

அந்த "மற்றும் நண்பர்கள்" யாரென்று ஜோசப்பினுக்குத் தெரியும். அவளேதான்.

"ஓம் பேரையும் எழுதித்தான் புள்ள அனுப்புறேன். ஆறாவதா இருக்கு. அந்த மனுசன் அஞ்சோட நிறுத்திப்புடுறாரு, நான் என்னா செய்ய?" என்பாள் நாகலெட்சுமி.

ஆறாவதாக எழுதுவானேன்? ஐந்தோடு நிற்கும் என்று தெரிந்துதானே எழுதுகிறாள்? ஜோசப்பினுக்கு வயிறு எரியும். இருவரும் ஒரே வருஷம் இந்த லயத்துக்கு மருமகளாக வந்தவர்கள், ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள். கூடை நிறையும் அளவில் ஜோசப்பினுக்குத்தான் கை வேகம். ஆனால் வழியில் பார்க்கிற சனம், "என்னா நாகலெட்சுமி, நேத்து ரேடியோவுல வந்தீங்களே" என்று அவளைத்தான் விசாரிக்கும். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கூட ஒருநாள், காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னாலும் அதைக் கேட்டுவிட்டார். அன்றைக்கு ஜோசப்பினுக்குச் சோறு இறங்கவில்லை.

"ரேடியோவுல பேரு வந்தா சம்பளம் கூடுமாடி?" என்று அவள் புருஷன் யேசுரட்ணம் கேட்டான். அவனுக்கு என்ன தெரியும்.

லயத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. ஜோசப்பினும் தபாலட்டை போட்டிருக்கிறாள், ஒன்றல்ல, மூன்று. அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது. அப்போது வீட்டில் இருந்த மகள் ஷிராணியை உட்காரவைத்து எழுதவைத்தாள். மூன்றும் வரவில்லை. மூன்றாவது வராத அன்றைக்கு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "புகை" என்றாள் மகளிடம். "இத வெளிய சொன்னியன்னா நான் செத்த பிறகுதான் என் மூஞ்சியப் பாப்ப" என்றும் சொன்னாள்.

ஷிராணி பிறகு சைப்ரஸ் நாட்டுக்கு, ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போய்விட்டாள். மாதத்தின் முதல் ஞாயிறு நோர்வூட் சந்திக் கடைக்குக் கோல் எடுப்பாள். ஐந்து நிமிஷம். சுகமா, தம்பி ஸ்கூல் போறானா, அப்பா குடிக்கிறாரா என்பதற்குள் லைன் வெட்டிவிடும். மனசில் இருக்கிற ஒரு வார்த்தைக்கு அதில் இடம் இருந்ததில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு சித்திரை முதல் ஞாயிறு, ஷிராணி ஒரு சேதி சொன்னாள். லண்டனில் நம் தமிழாட்கள் இன்டர்நெட்டில் ஒரு ரேடியோ நடத்துகிறார்களாம். வேலைக்காரி என்றாலும், அந்த வீட்டு கம்ப்யூட்டரில் அதைக் கேட்க அவளுக்கு அனுமதி உண்டாம். "வர்ற ஞாயித்துக்கெழம ஒங்க நேரம் மூணு மணிக்கு ஒங்க பேர சொல்லுவாங்கம்மா. கனடா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா, ஒலகம் பூராவும் கேக்கும்."

கடையிலிருந்து லயத்துக்கு ஏறும் இரண்டு மைலும் ஜோசப்பினுக்குக் கால் தரையில் படவில்லை. கண்டி ரேடியோ என்ன கண்டி ரேடியோ, கடுகண்ணாவைக்கு அந்தாண்டை கேட்குமா அது? தன் பேர் கடல் தாண்டி, கண்டம் தாண்டிப் போகப்போகிறது! ஆனால் லயத்துப் படியில் கால் வைத்ததும் ஒரு யோசனை வந்து அவளை நிறுத்தியது. கனடாக்காரன் கேட்டு என்ன? ஜெர்மனிக்காரன் நாளைக்கு வந்து "நேத்து வந்தீங்களே" என்று கேட்கவா போகிறான்? ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறில்லை என்ற கதைதான். உலகம் முழுக்கக் கேட்டு நாகலெட்சுமி கேட்காவிட்டால், அது கேட்டதாகுமா?

"ஹட்டன்ல கொமினிகேஷன் கடையில கம்ப்யூட்டர் வச்சிருக்காங்க, அதுல லண்டன் ரேடியோவுல எம் பேரு வருதாம். ஞாயித்துக்கெழம வா புள்ள, போயிட்டு வருவோம்" என்று நாகலெட்சுமியைக் கூப்பிட்டாள்.

"ஒரு மணிக்கு நம்ம நிகழ்ச்சி இருக்கே" என்று இழுத்த நாகலெட்சுமி, ஜோசப்பின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வர்றேன்" என்றாள். தன் பேர் வரும் வாரம் என்று தெரிந்தும் அதை விட்டுவிட்டு வந்தாள். ஜோசப்பினோ, என் பேர் எப்படி வருகிறதென்று வேவு பார்க்க வருகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஹட்டன் கடைக்காரர் கனகலிங்கம், யாழ்ப்பாணத்து மனுசன். கம்ப்யூட்டரைத் தட்டி லண்டன் ரேடியோவைப் பிடித்துக் கொடுத்தவர், ஒரு ஹெட்போனை நீட்டினார். "ஒண்டுதான் இருக்கு. அதிலயும் ஒரு காதுதான் வேலை செய்யும், மற்றக் காது செத்துப்போச்சு. ஸ்பீக்கர் போடேலாது, ஆக்கள் கோல் கதைக்கினம். ஆராவது ஒராள் கேளுங்கோ."

ஒரு காதுதான். ஆளோ இரண்டு. முதலில் ஜோசப்பின் மாட்டிக்கொண்டாள். லண்டன் நகைக்கடை விளம்பரம், ஏதோ கல்யாண மண்டப விளம்பரம், ஒரு பாட்டு. நடுநடுவே சத்தம் நின்று, திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி, மறுபடி பாட்டு வந்தது. மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு ஒரு பெண் குரல், "அடுத்ததாக, சைப்ரஸ் நாட்டிலிருந்து..." என்றது.

வந்துவிட்டது! ஜோசப்பின் ஹெட்போனைப் பிடுங்கி நாகலெட்சுமி தலையில் மாட்டினாள். தன் பேர் தனக்குத் தெரிந்ததுதானே, கேட்க வேண்டியவள் அவளல்லவா? கேட்ட காதை விட்டுவிட்டு, கேட்கிற முகத்தைப் பார்க்கத் தயாராக எதிரே நின்றாள்.

நாகலெட்சுமியின் முகம் மாறியது. வாய் திறந்தது. ஹெட்போனைக் கழற்றக் கை போனது. "இல்ல புள்ள, இது..." என்றாள்.

"பேசாத! கேளு, நல்லாக் கேளு!" ஜோசப்பின் இரண்டு கையாலும் அதை அவள் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எரியட்டும், நன்றாக எரியட்டும். இத்தனை வருஷம் நான் எரிந்தேனே. நாகலெட்சுமியின் கண்ணில் நீர் கட்டி வழிவதைப் பார்த்தபோது ஜோசப்பினுக்கு நெஞ்சு குளிர்ந்தது. நாகலெட்சுமி பலமாக அவள் கையைத் தள்ளிவிட்டுக் கத்தினாள்.

"அடியே, பேரு இல்லடி! ஷிராணி பேசுறாடி! ஒம் மக பேசுறாடி!"

ஜோசப்பின் பிடுங்கி மாட்டினாள். "...நன்றி ஷிராணி, இதோ உங்கள் அம்மாவுக்கான பாடல்" என்றது லண்டன் குரல். பாட்டு தொடங்கியது. பிறகு அதுவும் நின்றது. வட்டம் சுற்றியது.

"இன்னொருக்கா போடச் சொல்லுங்கையா" என்று கனகலிங்கத்திடம் கெஞ்சினாள்.

"அது ரேடியோ தங்கச்சி. போனது போனதுதான்."

எதிரிக்குச் சகுனத்தடையாகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவள் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள் ஜோசப்பின். இப்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு அவளே உட்கார்ந்திருந்தாள். தேயிலை மலைகள் ஓடின. டிக்கோயா தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை.

"என்னா சொன்னா?"

நாகலெட்சுமி சொன்னாள். ஷிராணி மாதிரியே குரலைச் சன்னமாக்கிக்கொண்டு சொன்னாள். "'எங்கம்மா கொழுந்து எடுக்கப் போறப்ப என்னைய புள்ளக்காம்பராவுல விட்டுட்டுப் போவாங்க. நான் கத்திக் கத்தி அழுவேன். ஒரு நாளு கூட திரும்பிப் பாத்ததில்ல. கல்நெஞ்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். இங்க இன்னொருத்தங்க புள்ளைய வளக்குறப்பத்தான் தெரியுது, திரும்பிப் பாத்தா போக முடியாதுன்னுதான் எங்கம்மா பாக்கல'ன்னா."

ஜோசப்பின் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதை எடுத்துவிட்டு, "அப்புறம்?" என்றாள்.

நாகலெட்சுமி வாயைத் திறந்தாள், மூடினாள். "அப்புறம் பாட்டுதான்."

இல்லை, இன்னும் ஏதோ இருக்கிறது. அந்த மூடிய வாயை ஜோசப்பின் பார்த்துவிட்டாள். என் மகள் எனக்குச் சொன்னதை இவள் காதில் போட்டுக்கொண்டு எனக்குப் பிச்சை போடுகிறாள், அதிலும் பாதியை முந்தானையில் முடிந்துகொண்டாள்!

லயத்துக்கு வந்தால் அதைவிடக் கொடுமை. சனம் நாகலெட்சுமியைச் சுற்றிக்கொண்டது. "என்னா சொன்னா ஷிராணி? எப்பிடிப் பேசுனா?" ஜோசப்பின் மகளின் வார்த்தையை நாகலெட்சுமி வாயால் கேட்டு லயமே கண்ணைத் துடைத்தது. பெற்றவள் அடுப்படியில் நின்று நடுச்சுவருக்கு மேலாகக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நாகலெட்சுமி தயங்கினாள், ஒவ்வொரு தடவையும் "அப்புறம் பாட்டு" என்றாள். ஜோசப்பின் அவளோடு பேச்சை விட்டாள்.

பதினைந்து நாள் கழித்து அந்த அதிசயம் நடந்தது. ஒரு மணிக்கு நடுச்சுவரைத் தாண்டி வந்தது தேன் குழைத்த குரல்: "நோர்வூட் வெள்ளிக்கந்தை மேற்பிரிவிலிருந்து ஜோசப்பின், அழகுமுத்து..." பிறகு நாகலெட்சுமியின் மூன்று பிள்ளைகள். "மற்றும் நண்பர்கள்."

சட்டியைத் தூக்கியிருந்த கை அப்படியே நின்றது. முதல் பேர், தன் பேர்! அதைவிட இனித்தது இன்னொன்று. நாகலெட்சுமியின் பேர் வரவேயில்லை. அன்று சாயந்திரம் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிறவர்களிடம் ஒருவர் விடாமல் சொன்னாள். "கேட்டீங்களா? எம் பேரு மொதல்ல. எழுதுனவ பேரையே காணோம்! லண்டன் ரேடியோவுல நம்ம பேரு வந்தது கண்டிக்காரனுக்கும் எட்டியிருக்கும்ல." நாகலெட்சுமி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசாமல் போனாள். தோற்றவள் வேறென்ன பேசுவாள் என்று நினைத்தாள் ஜோசப்பின்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை சந்திக் கடையில் போன் அடித்தது.

"அம்மா, கேட்டீங்களா, நான் பேசுனத?"

"கேட்டேன்டி, ஒரு வார்த்த விடாம" என்றாள் ஜோசப்பின், கண்ணை மூடிக்கொண்டு.

"கோவமாம்மா? அந்தக் கார்டு கதையச் சொல்லிட்டேன். நீங்க மூணு தபாலட்டை போட்டது, பேரு வராம அடுப்புக்கிட்ட ஒக்காந்து அழுதது. அதான் இந்த ரேடியோவுலயாச்சும் எங்கம்மா பேரச் சொல்லுங்கன்னு கேட்டேன். யாருக்கும்மா தெரியப் போகுது, அங்க ஒங்களத் தவிர யாரு கேக்கப் போறா?"

லைன் வெட்டிவிட்டது. ஜோசப்பின் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மலை ஏறும்போது ஒவ்வொன்றாக வந்து இடித்தது. பஸ்ஸில் திறந்து மூடிய வாய். லயத்தில் அத்தனை பேர் சுற்றி நின்று கேட்டும் அதே இடத்தில் நின்ற பேச்சு. கண்டி ரேடியோ ஐந்து பேரோடு நிறுத்திவிடும் என்பது நாகலெட்சுமியைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தேதான் அந்தத் தபாலட்டையில் ஜோசப்பினை முதலில் போட்டுவிட்டு, ஆறாவது இடத்தில் தன் பேரை எழுதியிருக்கிறாள். அதைத்தான் பீலிக்கரையில் நின்று ஊருக்கு ஊதினேன் என்று நினைத்தபோது ஜோசப்பினுக்கு உடம்பு கூசியது.

நாகலெட்சுமி வாசலில் உட்கார்ந்து அடுத்த தபாலட்டைக்குப் பேனையில் பச்சை மை அடைத்துக்கொண்டிருந்தாள். நாலு கிழமைக்குப் பிறகு ஜோசப்பின் அவள் வாசலில் நின்றாள்.

"எம் பேர ஆறாவதாவே போடு புள்ள."

நாகலெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். "ஷிராணி பேசுனாளா?"

"ம்."

"நான் யாருக்கும் சொல்லல."

"தெரியும்" என்றாள் ஜோசப்பின். மேலே ஒரு வார்த்தை பேசியிருந்தால் திட்டியிருப்பாள்.

பொறாமை போய்விட்டதா என்றால், எங்கே போகும்? இத்தனை நாள் அவள் பேர்மேல் இருந்தது, இப்போது அவள் குணத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தலைகீழாக நின்றாலும் தன்னால் அப்படி ஒரு தபாலட்டை எழுத முடியாது என்று ஜோசப்பினுக்குத் தெரியும். அடுத்த தடவை "நாகலெட்சுமி, அழகுமுத்து" என்று குரல் தொடங்கியபோது அவள் கையில் சட்டி இருந்தது. "மற்றும் நண்பர்கள்" என்று முடியும்வரை அதைச் சத்தம் வராமல் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லக் கீழே வைத்தாள்.